வீட்டுக்கு வந்த முதல் சிந்தசைசர்

“ரிதம் பட்டன் எங்கடா?”

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். இதில் ரிதம் கிடையாதுப்பா என்றேன். “அப்ப உள்ளே பாட்டு இருக்கா?” அதுவும் கிடையாது. “ஸ்பீக்கராவது இருக்கா?” அதுவும் இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். எட்டு மாதம் சேர்த்து வைத்த பணம் என்பது மூவருக்குமே தெரியும்.

கோயில் விழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ‘ஆர்கன்’ என்று நாம் சொல்லும் கீபோர்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். அந்தக் கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகளை ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள். எண்ணை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொரு எண்ணுக்கு வயலின், மேலே தபேலா. சிந்தசைசர் அப்படியல்ல. ஒலியை நாமே உண்டாக்குவதற்கான பட்டறை அது. தயார் ஒலிகள் சில அதற்குள்ளும் இருக்கும். ஆனால் அவற்றுக்காக யாரும் அதை வாங்குவதில்லை. முன்பக்கம் முழுவதும் திருகு குமிழ்களாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

நான் வாங்கியது கோர்க் நிறுவனத்தின் மினிலோக். 2016-இல் வந்த கருவி, 37 சிறிய கட்டைகள், ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் வரை ஒலிக்கும். ஈப்போவில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பழையதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் காலமான பிறகு, வீட்டிலிருந்த அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சமாளித்தது. கருவிகள் கைமாறிக் கைமாறிப் போவது இசைத்தொழிலில் வழக்கம்தான். ஆனால் பழையதை வாங்கும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் ஒலியோடு முழுதாகத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியோ ஈரமோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதனுடன் வந்த அடாப்டர்தானா என்று கேளுங்கள். இந்தக் கருவிக்கு 9 வோல்ட் போதும். கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். வோல்ட் மாறினாலோ கூட்டல் கழித்தல் முனை மாறினாலோ கருவி போய்விடும்.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறினேன். சனிக்கிழமை. கம்போங் ராஜா வரை நன்றாக வந்த வண்டி திரிங்காப் தாண்டியதும் நின்றது. கியா பார்ம் சந்தைக்கு வரும் கார்களைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ராபெரி பலகைகளைப் பார்த்தபடியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்ன சொல்வார் என்பதுதான் மனத்தில் ஓடியது.

அப்பா ஆர்மோனியக்காரர். தோட்டத்துக் கோயில் பஜனையில் நாற்பது வருடம் வாசித்தவர். இரண்டு வருடமாகத் தொடவில்லை. வயதில் காது மங்கிவிட்டது. பொதுவாக வயதானவர்களுக்கு முதலில் போவது உச்ச ஒலிகள், அப்பாவுக்கும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை பாடுகிறவர் நடுவில் சுருதியை ஏற்றியிருக்கிறார். அப்பா பழைய சுருதியிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் அவரைச் சுட்டுவிட்டது. அடுத்த வாரம் முதுகு வலி என்றார். அதற்கடுத்த வாரம் மழை என்றார். ஆர்மோனியம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டுக்குக் கீச்சிடுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

ஆகவே வீட்டில் ஒரு வாசிப்புக் கருவியை அவர் கண் முன்னால் கொண்டுவந்து வைப்பதற்கே எனக்குத் தயக்கம் இருந்தது.

சரி, அமைக்கும் வேலைக்கு வருவோம். கருவியில் ஸ்பீக்கர் இல்லை என்பதால் ஹெட்போனோ ஆம்ப்ளிபையரோ வேண்டும். அப்பாவின் பழைய ஆம்ப் ஒன்று இருந்தது. பின்பக்கம் ‘அவுட்புட்’ என்று எழுதியிருக்கும் துளையில் கால் அங்குல ஜாக்கைச் செருகி, மறுமுனையை ஆம்பில் கொடுத்தேன். இரண்டிலும் ஒலி அளவைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். முதலில் கருவி, கடைசியில் ஆம்ப். நிறுத்தும்போது தலைகீழாக, ஆம்பை முதலில். மாற்றிச் செய்தால் ‘டப்’ என்று ஓர் அடி விழும். ஸ்பீக்கரின் ஆயுள் குறையும்.

ஆசையில் மடிக்கணினியையும் யுஎஸ்பி ஒயரால் இணைத்தேன். உடனே ஒரு முனகல், பழைய குளிர்பெட்டி ஓடுவதுபோல. ஒரு மணி நேரம் ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகினேன். கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றது. கணினியும் ஆம்பும் ஆளுக்கொரு சுவர் பிளக்கில் இருந்தன. நில இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி ஒரு வளையமாகிவிட்டால் இந்த முனகல் வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுத்தால் பெரும்பாலும் குறையும். இதைவிட நல்ல யோசனை, முதல் ஒரு மாதம் கணினியையே இணைக்காமல் இருப்பது. கருவியோடு பழக அது தேவையில்லை. மிடி என்ற ஐந்து ஊசி இணைப்பும் பின்னால் இருக்கிறது. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வந்த ஏற்பாடு அது. இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். இரண்டாவது கருவி வாங்கும் நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அலமாரியில் தோல் செருப்பு பூசணம் பிடிக்கிற ஊரில் மின்னணுக் கருவி எம்மாத்திரம்? ஜன்னல் ஓரத்திலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்துப் புட்டிகளில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அவற்றைச் சேர்த்து வைத்து ஒரு கைப்பிடி பெட்டியில் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும்விட நல்லது, தினமும் அரை மணி நேரமாவது கருவியை ஓட விடுவது. அதன் சூடே அதற்கு மருந்து.

குளிர் இன்னொன்றும் செய்யும். மினிலோக் அனலாக் வகை. அதன் ஒலி எண்களாகப் பதிந்து வைக்கப்பட்டதல்ல, மின்சுற்றுகளிலேயே பிறப்பது. சுற்றின் சூடு மாறினால் சுருதியும் நகரும். சுவிட்சைப் போட்டதும் கருவி தானாக ஒருமுறை சுருதி சேர்த்துக்கொள்கிறது. அப்படியும் விடியற்காலையில், 16, 17 டிகிரியில், உடனே வாசிக்க உட்கார்ந்தால் கொஞ்சம் ஆடும். கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். தம்புராவைத் திரும்பத் திரும்பச் சுருதி கூட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன?

இனி ஒலி. உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் ஆஸிலேட்டர், சத்தத்தை உண்டாக்குபவர். ரம்பப் பல் போன்ற அலை, சதுர அலை, முக்கோண அலை என்று மூன்று வடிவம் இதில் உண்டு. ரம்ப அலை கூர்மையானது, எல்லா உச்ச ஒலிகளும் நிறைந்தது, காதைக் கொஞ்சம் கிழிக்கும். இரண்டாவது ஆள் பில்டர். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை என்ன செய்கிறதோ அதைச் செய்கிறவர். ‘கட்ஆஃப்’ குமிழை இடப்பக்கம் திருப்பத் திருப்ப உச்ச ஒலிகளைத் தடுத்து அடி ஒலிகளை மட்டும் விடுவார். மூன்றாவது என்வலப். ஒலி பட்டென்று எழுந்து சட்டென்று அடங்குமா, மெல்ல ஏறி நின்று மெல்லக் கரையுமா என்பது அவர் கையில். இதே மூன்றை வைத்துக்கொண்டு வீணை மீட்டல் போலவும் செய்யலாம், நாதஸ்வரத்துக்குக் கிட்டவும் போகலாம். முதல் வாரம் ஒரே ஒரு ஒலியை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு குமிழைத் திருப்புங்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பி, நல்லதாக வந்த ஒரு ஒலியை எப்படி வந்தது என்று தெரியாமலேயே தொலைத்தேன். சேமிக்கும் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தப் பழகுங்கள்.

இந்தக் கருவியில் ஒரு சின்னத் திரை உண்டு. வாசிக்கிற ஒலியின் அலை அதில் கோடாக ஓடும். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் பில்டரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றிருக்கிறார். கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பப் பல் மெல்ல மழுங்கி, உருண்டு, கடல் அலை மாதிரி ஆனது. “அதைத் திருப்பினா சத்தம் குறையுதா?” என்று கேட்டார். இல்லப்பா, கூர்மை குறையுது என்றேன். “எனக்கு இப்பத்தான்டா கேட்குது.”

அது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உச்ச ஒலி அவருக்கு இல்லவே இல்லை என்பதில்லை. அரைகுறையாக, கரகரப்பாக வந்து மற்றதையும் குழப்பிக்கொண்டிருந்தது. அதைக் கழித்துவிட்டு அடியை மட்டும் விட்டதும் சுரம் தெளிந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல நான் மருத்துவன் அல்ல. அப்பாவுக்கு இருந்தது. இன்னும் ஓர் ஆக்டேவ் கீழே இறக்கினேன். மேசை அதிர்ந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆர்மோனியக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வித்தையை முதலில் வாசித்தார். கறுப்புக் கட்டைகள் ஐந்தைத் தவிர வேறெதையும் தொடாமல் ஐந்து ராகம். மூன்று கறுப்பு சேர்ந்திருக்கிற இடத்தில் முதல் கட்டையை ஷட்ஜமாக வைத்தால் மோகனம். இரண்டாவதிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி. மூன்றாவதிலிருந்து ஹிந்தோளம். இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கிற இடத்தில் முதலாவது சுத்த சாவேரி, அடுத்தது சுத்த தன்யாசி. கட்டைகள் அதேதான், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. வீட்டில் எந்தக் கீபோர்டு இருந்தாலும் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்து பாருங்கள்.

வாசித்துக்கொண்டே இருந்தவர் ஹிந்தோளத்தில் நின்றார். அவர் இடது கை மேசை விளிம்பில் அப்படியும் இப்படியும் அசைந்தது. நாற்பது வருடம் துருத்தி போட்ட கை. இங்கே அதற்கு வேலை இல்லை. மினிலோக்கின் இடது ஓரத்தில் ஒரு நெம்பு இருக்கிறது. தள்ளினால் சுரம் மேலே வளையும், இழுத்தால் கீழே. விட்டால் நடுவுக்கு வந்துவிடும். எவ்வளவு வளைய வேண்டும் என்பதையும் நாமே வைக்கலாம்; இரண்டு அரைச்சுரம் வைத்திருந்தேன். அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

ஆர்மோனியத்தின் மேல் நம் சங்கீதத்துக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அதனால் போக முடியாது. அதனால் கமகம் வராது. இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. அப்பாவுக்கு அந்தக் கதை தெரியும். “கோயில்ல யாரும் தள்ளி வைக்கல” என்று சொல்லுவார், சிரித்துக்கொண்டே. ஆனால் பாடுகிறவர் ஒரு சுரத்தை அசைக்கும்போதெல்லாம் தாம் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறோம் என்பது நாற்பது வருடமாக அவர் விரலுக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்குத் தைவதத்தை அசைத்தார். திரும்ப அசைத்தார். அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனார்.

சிந்தசைசரின் கதையில் நம் பக்கத்துப் பெயர்களை யாரும் அதிகம் சொல்வதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மூக் தம் கருவியை 1964-இல் செய்தார். அடுத்த ஐந்தே வருடத்தில், 1969-இல், அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் கருவி வந்து, அங்கே மின்னணு இசைக்கூடம் ஒன்று நடந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டவர்கள் அதில் பதிவு செய்த நாடாக்கள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

எனக்கு அதைவிடப் பிடித்தது சரண்ஜித் சிங்கின் கதை. பம்பாய் சினிமாவில் வாசித்துக்கொண்டிருந்தவர். சிங்கப்பூரில் ரோலண்ட் கருவிகளை வாங்கினார். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் சிங்கப்பூர் போய் டூ-இன்-ஒன் ரேடியோ வாங்கி வருவார்களே, அதுபோல. பேஸ் ஒலிக்கு டிபி-303, தாளத்துக்கு டிஆர்-808, மேலே வாசிக்க ஜூப்பிட்டர்-8. 1982-இல் இந்த மூன்றை வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று ஓர் இசைத்தட்டு போட்டார். அதில் பூபாலி இருக்கிறது, நம் மோகனம். மால்கௌன்ஸ் இருக்கிறது, நம் ஹிந்தோளம். யமன், நம் கல்யாணி. டிபி-303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகத்துக்கு வேண்டியதும் அதுதானே? தட்டு அப்போது விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1987-இல், சிக்காகோவில் அதே கருவியை வைத்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை கிளம்பி உலகம் சுற்றியது. 2010-இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபடி வெளிவந்தபோதுதான், இது முன்பே பம்பாயில் நடந்திருக்கிறதே என்று ஐரோப்பாவில் வாய் பிளந்தார்கள். அவர் அவர்களைத் தேடிப் போகவில்லை. டிஸ்கோ ஓடுகிற காலம், கையில் புதுக் கருவி, மனத்தில் ராகம், வாசித்தார். 2015-இல் காலமானார். அந்தப் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். “தாளம் ரொம்ப ஓடுது. ஆனா ஆளு ராகத்தை விடல” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்யப் பார்த்தேன். கருவியில் 16 படிகள் கொண்ட சீக்வென்சர் இருக்கிறது. சுரங்களைப் பதித்துவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்குத் தம்புரா போட்டுக் கொடுக்கலாமே என்று ப-ச-ச-ச என்று பதித்து ஓடவிட்டேன். மேசையில் கையை வைத்து இரண்டு சுற்றுக் கேட்டார். “ஹிந்தோளத்துல பஞ்சமம் எங்கடா இருக்கு?”

பஞ்சமத்தை மத்யமமாக மாற்றினேன். இப்போது அவர் மேலே வாசித்து நெம்பைத் தள்ளினால் தம்புராவும் கூடவே வளைந்தது. நெம்பு எல்லாச் சுரத்தையும் ஒன்றாகத்தான் வளைக்கும். இந்தக் கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரே குரல்தான். இருவரும் சிரித்துவிட்டோம். கடைசியில் தம்புரா கைத்தொலைபேசியில் ஓடுகிறது, அதன் ஒலி ஆம்பின் இன்னொரு துளை வழியாக வருகிறது. கருவியை ஒற்றைச் சுர முறைக்கு மாற்றி, போர்டமெண்டோ என்ற வழுக்கலைக் கொஞ்சமாக வைத்திருக்கிறேன். அதிகம் வைத்தால் பாட்டு சேற்றில் நடப்பதுபோல ஆகிவிடும்.

கமகம் முழுதாக வருகிறதா என்று கேட்டால் இல்லை. நெம்பு ஒரு விரல் நீளம்கூட இல்லை. வயலினில் விரல் போகிற தூரம் அதில் ஏது? கட்டைகளும் சிறியவை, அப்பாவின் விரல் சில நேரம் இரண்டை ஒன்றாக அழுத்திவிடுகிறது. அப்போதெல்லாம் நிறுத்தி, திரும்ப அதே இடத்துக்கு வருகிறார். ஆறு வாரமாக.

போன வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போனார். கருவியை எடுத்துக்கொண்டல்ல, சும்மா. பின்வரிசையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார் என்று அம்மா சொன்னார். ஆர்மோனியத்தில் இப்போது உட்காருகிற பையன் முடிந்ததும் வந்து ஏதோ கேட்டானாம். அப்பா அவன் கையைப் பிடித்து இடம் காட்டினாராம்.

நான் சொந்தமாக ஒரு மெட்டுகூட இன்னும் முடிக்கவில்லை. காலை ஐந்தரைக்கெல்லாம் அப்பா எழுந்து சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போய்விடுகிறார், சூடேறட்டும் என்று. என் நேரம் இரவு ஒன்பதுக்கு மேல்தான். அதற்கு ஹெட்போன் வேண்டும். கருவிக்கான பெரிய ஜாக்கோடு இருப்பதாகப் பாருங்கள். என்னிடம் இருப்பது சின்ன ஜாக், அதற்கொரு மாற்றி வாங்க வேண்டியிருக்கிறது.